தொழிற்பிரிவை மூடுவதென்றால் ஆணை போட்டு மூடுங்கள்

பள்ளிக் கல்வித் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அமைச்சருக்கும் செயலாளருக்கும் இயக்குநருக்கும்,

சென்ற வாரம் எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எப்போதும் நடக்கிற கூட்டம்தான். குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, பத்தாம் வகுப்புக்கு மாலை நேர வகுப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு 'பயன்பாட்டில் இல்லாத பொருட்கள்' என்று ஒரு பட்டியலை வாசித்தார்கள். உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த பீரோ, ஓடாத மோட்டார், அப்புறம் இரும்பு கடைகிற ஆறடி லேத் ஒன்று. இவற்றைக் கழிவு செய்து ஏலம் விட அனுமதி கேட்டு எழுத வேண்டுமாம், உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். எல்லோரும் போட்டார்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த லேத்தில்தான் நான் 1995 முதல் 1997 வரை தொழில் படித்தேன். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இருக்கிற தொழிற்பிரிவுகளில் ஒன்று அது, ஜெனரல் மெஷினிஸ்ட் என்று அப்போது பெயர், இப்போது அடிப்படை இயந்திரவியல் என்கிறார்கள். கோவையில் கணபதி பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், கடன் வாங்கிப் போட்ட ஒரு சிஎன்சி, அதாவது கணினி வழியாக ஓடுகிற இயந்திரம். ஆறு பேர் வேலை செய்கிறார்கள். பம்புக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பதுதான் தொழில். இந்த ஆறு பேரில் இருவர் என்னைப் போலவே அரசுப் பள்ளித் தொழிற்பிரிவில் படித்து வந்தவர்கள். அதனால் இந்த விஷயத்தை வெளியே நின்று பார்த்துப் பேசவில்லை.

எங்கள் பள்ளியில் அந்தப் பிரிவு எப்படி நின்றது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கோப்பில் அது இருக்காது. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. முதல் வருடம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பணம் போட்டு டிப்ளமோ முடித்த ஒரு தம்பியை வைத்தோம், நாங்கள் கொடுத்த சம்பளத்தில் அவர் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிச்சம் பிடித்திருப்பார் என்று தெரியவில்லை, வேறு வேலை கிடைத்ததும் போய்விட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த வருடம் பிளஸ் டூவுக்கு வந்துவிட்ட பிள்ளைகளை நடுவில் விட முடியாதே என்று ஓய்வு பெற்ற சாரே ஒரு ரூபாய் வாங்காமல் வந்து செய்முறைத் தேர்வு வரைக்கும் பார்த்துக் கொடுத்தார். அறுபது வயது தாண்டியவர், இரண்டு பஸ் மாறி வருவார். அதற்குப் பிறகு பிளஸ் ஒன்னில் அந்தப் பிரிவுக்கு ஆள் சேர்க்கவில்லை. சேர்க்காதே என்று எழுத்தில் யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் இல்லை, அதனால் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை, அதனால் மாணவர் இல்லை. மாணவர் இல்லை, அதனால் ஆசிரியர் இடம் எதற்கு? மூன்றே வருடத்தில் ஒரு பாடப்பிரிவு காணாமல் போய்விட்டது, ஒரே ஒரு காகிதம்கூட இல்லாமல்.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் நடந்தது என்றால் நான் திறந்த மடல் எழுத வந்திருக்க மாட்டேன், நேரில் வந்து கேட்டிருப்பேன். சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்த மூன்று பள்ளிகளில் இதே கதை. ஒன்றில் மின் பொறியியல், ஒன்றில் வேளாண் அறிவியல், இன்னொன்றில் அலுவலக மேலாண்மை. சார் ரிட்டயர்டு ஆனார், பிரிவும் அவரோடு ரிட்டயர்டு ஆனது.

நேரிலும் போய்க் கேட்டுப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, அங்கே இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முதல் தடவை, மாணவர் எண்ணிக்கை குறைவு என்றார்கள். ஆசிரியரைக் கொடுத்தால் ஆள் சேர்ப்பது எங்கள் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை, பணியிடம் இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை, மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். அந்த 'மேலே' என்பது நீங்கள்தான் என்று நம்பி இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

போன ஜூனில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளி திறந்து இரண்டாவது வாரம் இருக்கும். எங்கள் ஊர் அம்மா ஒருவர், தறிக்குப் போகிறவர், பையனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பையன் பத்தாம் வகுப்பு பாஸ், மார்க் சுமார். "ஏனுங்ண்ணா, நீங்க படிச்ச குரூப்பு இப்ப இல்லீங்களாமா? வேற குரூப்புல போய்ப் படிக்க மாட்டேங்கறான். உங்க பட்டறைலயே சேத்துக்குங்க, சம்பளம்கூட வேண்டாம், தொழிலக் கத்துக் குடுத்தாப் போதும்" என்றார். பையன் நாங்கள் பேசுவதைக் கவனிக்கவே இல்லை. எங்கள் ஆள் ஒருவர் எம்.எஸ். ராடு ஒன்றில் டேர்னிங் ஓட்டிக்கொண்டிருந்தார், கட்டிங் டூலில் இருந்து நீலம் பாய்ந்த சுருள் கழன்று விழுகிறதே, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். எப்படிப் பார்ப்பது என்று ஒரு தடவை சொன்னேன், மெயின் ஸ்கேலில் இவ்வளவு, வெர்னியரில் எந்தக் கோடு நேராக நிற்கிறதோ அதை 0.02-ஆல் பெருக்கிக் கூட்டு, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் நான் கொடுத்த மூன்று புஷ்ஷையும் அளந்து சரியாகச் சொன்னான். பத்தாம் வகுப்புக் கணக்கில் 38 மார்க் வாங்கியவன்.

நான் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பதினாறு வயதுப் பையனை ஓடுகிற லேத் பக்கம் நிறுத்த எனக்கு மனசு வராது, சட்டத்திலும் அதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. படிக்கிற வயது, படிக்க வை என்றேன். எங்கே படிக்க வைப்பது என்று அந்த அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வணிகவியல் பிரிவில் சேர்த்தார்கள். காலாண்டுத் தேர்வுக்குள் நின்றுவிட்டான். இப்போது கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போகிறான் என்று கேள்வி. முகூர்த்த நாளில் வேலை உண்டு, மற்ற நாளில் இல்லை.

பதினாலு வயது வரைக்கும் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்கக் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் சட்டம் எதுவும் பிடித்து வைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒன்று பிடித்திருந்தால்தான் பிள்ளை இருக்கும். சிலருக்குப் புத்தகம் பிடிக்கும், சிலருக்கு விளையாட்டு. எனக்கு அந்த ஒர்க்‌ஷாப்.

முதல் மாதம் முழுக்க சார் எங்களை லேத்தைத் தொடவே விடவில்லை. வைஸில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி அரம் போடச் சொன்னார். 50 மில்லிமீட்டர் சதுரம், நாலு பக்கமும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக வர வேண்டும். கை முழுக்கக் கொப்புளம். முடிந்தது சார் என்று நீட்டினால் வாங்கி ஜன்னல் பக்கம் போவார், செங்கோணம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை மேலே வைத்துக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் போதும், "வெளிச்சம் வருது பாரு, இன்னும் எடு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்ட மாட்டார், மார்க் போட மாட்டார். ஒன்பது நாள் எனக்குத் திரும்பி வந்தது அந்தத் துண்டு. பத்தாவது நாள் அவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்தார். வெளிச்சம் வரவில்லை. அதற்கு முன்னால் பத்து வருடப் பள்ளிப் படிப்பில் நான் ஒரு தடவைகூட எதையும் முழுசாகச் சரியாகச் செய்ததில்லை, உண்மையாகவே சொல்கிறேன்.

கணக்கும் அங்கேதான் எனக்கு வந்தது. டேப்பர் டேர்னிங் என்று ஒன்று உண்டு, ஒரு பக்கம் பருமனாகவும் இன்னொரு பக்கம் ஒல்லியாகவும் கடைவது. பெரிய விட்டம் 40, சின்ன விட்டம் 30, நீளம் 50 என்றால் கட்டிங் டூலைத் தாங்குகிற காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்பி வைக்க வேண்டும்? பெரியதிலிருந்து சின்னதைக் கழித்து நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும், 0.1 வரும், எந்தக் கோணத்துக்கு டேன் 0.1 என்று அட்டவணையில் பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து டேன், சைன், காஸ் என்று கரும்பலகையில் பார்த்து மிரண்ட எனக்கு, கோணம் கால் டிகிரி தப்பினாலே அந்தத் துண்டு அடுத்த துண்டுக்குள் உட்காராது என்று கையால் தெரிந்த அன்றைக்குத்தான் திரிகோணமிதி எதற்கு என்று புரிந்தது. தொழிற்பிரிவு என்றால் படிப்பு வராதவனை ஒதுக்கி வைக்கும் இடம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். படிப்பு வராதவனுக்குப் படிப்பு வந்த இடம் அது.

இந்தப் பிரிவு யாரோ போகிற போக்கில் ஆரம்பித்ததும் அல்ல. 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்வியும் கூடவே வந்தது. அதே வருடம்தான் வேலூரில் பிறந்த நம் ஊர்ப் பொருளாதார அறிஞர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியைத் தொழிலோடு இணைக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அதற்கும் முன்னால் கோத்தாரி ஆணையம் சொன்னது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 சதவீதம், 1995-க்குள் 25 சதவீதம் பேரைத் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. 2020-ல் வந்த கொள்கை, 2025-க்குள் படிப்பவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையில் தமிழ்நாடு அரசுக்கு எத்தனையோ மறுப்பு உண்டு, எனக்கும் உண்டு, அது வேறு பேச்சு. ஆனால் டெல்லி இப்போது கண்டுபிடித்ததாகச் சொல்வதை 1978 முதல் நம் பள்ளிகள் செய்துகொண்டிருந்தன. வேறு மாநிலத்துக்காரர்கள் நம்மிடம் வந்து பார்த்துப் போக வேண்டிய ஒன்றை நாமே கழிவுப் பட்டியலில் எழுதுகிறோம், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்தக் காலத்தில் அடுத்தடுத்த கதவுகளையும் திறந்து வைத்திருந்தார்கள். 1986-ல் தொழிற்பழகுநர் சட்டத்தைத் திருத்தி, பிளஸ் டூ தொழிற்பிரிவு முடித்தவர்களையும் அப்ரண்டிஸாக எடுக்க வழி செய்தார்கள். நான் பிளஸ் டூ முடித்ததும் தரமணியில் இருக்கிற தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் வழியாகத்தான் ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வருடம் பழகினேன், மாதாமாதம் உதவித்தொகையோடு. என்னோடு படித்தவர்களில் சிலர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்தார்கள். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. ஒருவன் அதில் சேர்ந்து இன்றைக்கு மின் வாரியத்தில் பொறியாளர். கீழே பிரிவை நிறுத்திவிட்டால் மேலே வைத்திருக்கும் இந்த இடங்களுக்கெல்லாம் யார் போவார்கள்?

ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். சொல்லியும் விட்டார்கள், அலுவலகத்தில். ஐடிஐ மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, என் பட்டறையில் மூத்தவர் ஐடிஐ டர்னர்தான். 2022-ல் 71 அரசு ஐடிஐக்களை 2,877 கோடி ரூபாயில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்ற டாடா டெக்னாலஜீஸோடு அரசு ஒப்பந்தம் போட்டபோது நான் சந்தோஷப்பட்டேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் ஐடிஐ போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் கொடுப்பது ரொம்ப நல்ல காரியம். ஆனால் ஐடிஐ வேறு, இது வேறு. ஐடிஐ போகிறவன் பள்ளியை விட்டுப் போகிறான். அதை முடித்தவன் பிளஸ் டூவுக்குச் சமம் என்று ஆக மொழிப் பாடங்களைத் தனியாக எழுதித் தேற வேண்டும், எத்தனை பேர் அதை எழுதுகிறார்கள் என்று ஐடிஐ பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள். தொழிற்பிரிவில் படிப்பவன் பள்ளியிலேயே இருக்கிறான், தமிழ், ஆங்கிலம், கணிதம் படிக்கிறான், பிளஸ் டூ சான்றிதழ் வாங்குகிறான், கூடவே கைத்தொழிலும் கற்றுக்கொள்கிறான். வேலைக்கும் போகலாம், மேலேயும் படிக்கலாம். பதினைந்து வயதில் ஒரு பிள்ளையிடம் 'நீ கைவேலைக்காரன், இந்தப் பக்கம் போ' என்று முடிவு செய்து அனுப்பாமல் இன்னும் இரண்டு வருடம் யோசிக்க விடுகிறது இந்தப் படிப்பு.

தூரத்தையும் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து அரசு ஐடிஐக்குப் போக இரண்டு பஸ். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்கிற வீடு இன்றைக்கும் இருக்கிறது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். உள்ளூர் மேல்நிலைப் பள்ளி என்றால் எந்த வீடும் மறுக்காது.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது செவிலியப் பிரிவையும் சொல்லியாக வேண்டும். என் அக்கா மகள் அதில் படித்தாள். இரண்டு வருடம் படித்து, மருத்துவமனைக்குப் பயிற்சிக்கும் போய்வந்தவள், நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது என்பது முடித்த பிறகுதான் தெரிந்தது. அதற்கு ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி நர்சிங் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், படித்த இரண்டு வருடத்துக்கு அங்கே ஒரு நாள்கூடக் கழித்துக் கொடுப்பதில்லை. இப்போது ஒரு கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறாள். ஊசி போடுகிறாள், பிபி பார்க்கிறாள், சம்பளம் மட்டும் கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளம். சேரும்போதே இதைச் சொல்லியிருந்தால் வீட்டில் வேறு யோசித்திருப்பார்கள்.

அதனால் இருந்ததை அப்படியே திரும்பக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இருந்ததிலும் குறை உண்டு. என்னிடம் வேலை கேட்டு வருகிற பையன் நீட்டுகிற மார்க் ஷீட்டில் கருத்தியல் இவ்வளவு, செய்முறை இவ்வளவு என்று எண்தான் இருக்கிறது. அவனுக்குத் திரெட் வெட்டத் தெரியுமா, மைக்ரோமீட்டர் பார்ப்பானா, டிராயிங் படிப்பானா, எதுவும் அதில் தெரியாது. கடைசியில் ஒரு ராடைக் கொடுத்து ஓட்டச் சொல்லித்தான் பார்க்கிறேன். அவன் கற்றது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் முதலாளிக்கும் புரியும், பையனுக்கும் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். 2013-லேயே தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு என்று ஒன்று அறிவித்து, எந்தப் படிப்பு எந்த நிலை என்று வரிசை வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் சான்றிதழைப் பார்த்ததும் அந்த நிலை தெரிய வேண்டாமா? இயந்திரங்களும் பழசு, நான் படித்த லேத்தையே என் மகன் வயதுப் பிள்ளைகளும் ஓட்டினார்கள். சிஎன்சி என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்துவிட்டு, இயந்திரத்தை என் பட்டறையில்தான் முதல் தடவை பார்க்கிறார்கள்.

மார்க் விஷயமும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அதிக மார்க்குக்கு அறிவியல், நடுவில் வணிகவியல், மிச்சம் இருப்பவர்களுக்குத் தொழிற்பிரிவு என்று பங்கு போடுகிற பழக்கம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், என்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். ஆனால் போன பிறகு நான் அங்கே கற்றது மிச்சம் மீதி அல்ல. விரும்பிக் கேட்கிற பிள்ளைக்கு முதலில் இடம் கொடுங்கள், 450 மார்க் வாங்கியவன் கேட்டாலும் கொடுங்கள்.

காசு இல்லை என்று சொல்ல முடியாது, மேலே சொன்ன 2,877 கோடியே சாட்சி. ஆள் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. கோவையில் டிப்ளமோவும் பிஇயும் முடித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று எனக்கு வருகிற போன்களே சொல்லும். 2022-ல் முதுகலை ஆசிரியர் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கச் சொன்னீர்களே, நிரந்தர நியமனம் வரும் வரைக்கும் தொழிற்கல்விக்கும் அதே வழியைத் திறந்திருக்கலாமே. எங்கள் பள்ளிக்கு வந்த பட்டியலில் அந்த இடம் மட்டும் இல்லை. தலைமையாசிரியர் மூன்று தடவை எழுதினார், நகல் என்னிடம் இருக்கிறது.

இன்னொரு வாய்ப்பும் இப்போது தானாக வந்திருக்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று ஆக்கியிருக்கிறீர்கள், நல்ல முடிவு. அந்த வருடத்தில் தேர்வுக்கு ஓடுகிற ஓட்டம் குறைகிறது. அந்த நேரத்தில் தொழிற்பிரிவுப் பிள்ளைகளை இருபது நாளாவது ஒரு தொழிற்கூடத்துக்கு, ஆசிரியர் கூடவே இருக்க, பார்த்துப் பழக அனுப்பலாம். இயந்திரத்தை ஓட்ட வேண்டாம், பார்க்கட்டும், அளக்கட்டும், கேள்வி கேட்கட்டும். எங்கள் பக்கத்தில் நாலு பட்டறைக்காரர்களிடம் பேசிவிட்டேன், நாலு பேரும் சரி என்றார்கள்.

நான் கேட்பது இவைதான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதற்குள், அரசு மேல்நிலைப் பள்ளிகளில் எத்தனை தொழிற்கல்வி ஆசிரியர் இடங்கள் காலி, எத்தனை பள்ளிகளில் எந்தெந்தப் பிரிவு நின்றுபோயிருக்கிறது என்று மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். ஒரு பக்கக் கணக்குதான், உங்களிடம் இருக்க வேண்டிய கணக்குதான். காலி இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் நிரந்தர நியமனத்தைத் தொடங்குங்கள், அது முடியும் வரைக்கும் மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியரை எடுக்க இந்த ஜூனுக்கே அனுமதி கொடுங்கள், சம்பளம் மற்ற முதுகலைத் தற்காலிக ஆசிரியர்களுக்குக் கொடுப்பதே இவர்களுக்கும். சேர்க்கை குறைவு என்று ஒரு பிரிவை நிறுத்துவதாக இருந்தால், ஆசிரியர் இருந்த வருடங்களின் எண்ணிக்கையை மட்டும் கணக்கில் எடுங்கள், ஆசிரியரே இல்லாத வருடத்தின் எண்ணிக்கையைக் காட்டி மூடாதீர்கள். பிளஸ் டூ சான்றிதழோடு அந்தப் பிள்ளை கற்ற திறன்களின் பட்டியலையும் தேசியத் திறன் நிலையையும் சேர்த்துக் கொடுங்கள். செவிலியப் பிரிவு முடித்தவர்களுக்கு ஏஎன்எம் சேர்க்கையில் முன்னுரிமை கொடுக்க சுகாதாரத் துறையோடு பேசுங்கள், அது முடியாது என்றால் சேரும் நாளிலேயே பெற்றோரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொழிற்பிரிவு இருக்கும் பள்ளிகளைப் பக்கத்து ஐடிஐயோடு இணைத்து, வாரத்தில் ஒரு நாள் நம் பிள்ளைகளும் அங்கே இருக்கும் புதிய இயந்திரங்களில் பழக ஏற்பாடு செய்யுங்கள். ஐடிஐ வேறு துறை என்று எனக்குத் தெரியும். இரண்டு துறையும் ஒரே அரசுதானே.

எங்கள் பள்ளியின் ஆறடி லேத்தை ஏலப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். இலவச சைக்கிள்களை அடுக்கி வைத்திருக்கும் அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். லேத்தின் அடிப்பாகத்தில் மேலோட்டமாகத் துரு, இரும்பைப் பிடிக்கிற சக் ஜாஸ் ஒன்று தேய்ந்திருக்கிறது, பெல்ட் மாற்ற வேண்டும், மோட்டார் வைண்டிங் பார்க்க வேண்டும். மூன்று நாள் வேலை. செலவு எங்களுடையது, நானும் என்னோடு படித்த இருவரும் செய்து கொடுக்கிறோம், அனுமதி மட்டும் வேண்டும்.

இவை எதையும் செய்வதாக இல்லை, தொழிற்பிரிவு இனி வேண்டாம் என்பதுதான் உங்கள் முடிவு என்றால், அதை அரசாணையாகப் போடுங்கள். ஆணை எண்ணும் தேதியும் காரணமும் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். வரும் ஜூனில் இன்னொரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வருவார், அவரிடம் நான் அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முன்னாள் தொழிற்பிரிவு மாணவர்,
கணபதி, கோவை